ஐம்பத்திரண்டாவது பெயர்

(பெங்களூரில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி மாலை ஆறு மணிக்கு ஓர் அரங்குக்கு வந்து சேர்வது லேசான காரியமா? அப்படி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஆகவே இன்று ஒரு மனிதரின் கதை.

கப்பன் பார்க்கின் இரு பக்கத்தில் இரண்டு ஸ்டேடியங்கள் இருக்கின்றன. ஒன்று சின்னசாமி. அதைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஐ.பி.எல். நாளில் மெட்ரோவில் ஏறினால் சிவப்புச் சட்டையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. இன்னொன்று கண்டீரவா. அதன் உள்ளரங்கத்தில் மரத்தரை, இரு முனையிலும் கண்ணாடிப் பலகை, பலகையில் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஓர் இரும்பு வளையம். இந்தப் பேச்சு அந்த வளையத்தைப் பற்றியது.

இந்தியக் கூடைப்பந்தின் இரண்டு நிகழ்ச்சிகள் பெங்களூரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது, 2017 ஜூலை 29. பெண்கள் ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவு இறுதியாட்டம். இந்தியா 75, கஜகஸ்தான் 73. இரண்டே புள்ளி. கோப்பையைத் தூக்கியவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை; தென்னக ரயில்வே ஊழியர், வயது 32, ஒரு குழந்தைக்குத் தாய்.

இரண்டாவது, 2019. தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி முகாம் இதே ஊரில் நடந்தது. அங்கே ஓர் இளைஞரிடம் ஊக்கமருந்துப் பரிசோதனைக்காக மாதிரி எடுத்தார்கள். முடிவு பாதகமாக வந்தது. அந்த இளைஞர் ஏழடி இரண்டங்குல உயரம், அப்போது வயது 23. அமெரிக்காவின் என்.பி.ஏ. அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியர். பெயர் சத்னம் சிங் பாமரா.

ஒருவருக்குக் கிடைத்தது அரசு வேலையும் இரண்டு வேளைப் பயிற்சியும். இன்னொருவருக்குக் கிடைத்தது ஃபுளோரிடா, டெக்சாஸ், நெட்ஃபிளிக்ஸ் படம், உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கம். அப்படியிருக்க, முதலாமவரின் ஆட்ட வாழ்க்கை இந்த ஊரில் கோப்பையோடு உச்சம் தொட்டது. இரண்டாமவருடையது இந்த ஊரில் எடுத்த ஒரு பரிசோதனையோடு நின்றது. ஏன்? இந்த ‘ஏன்’தான் இன்றைய பொருள்.

விதி என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். போக வேண்டாம். சத்னமின் கதையை முதலிலிருந்து பார்ப்போம். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வருடமும் இந்தப் பையன் எத்தனை ஆட்டம் ஆடினான்? எவ்வளவு உயரம், எவ்வளவு பணம், எவ்வளவு புகழ் என்பதெல்லாம் பிறகு. எத்தனை ஆட்டம்?

பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்றொரு சிற்றூர். கோதுமை வயல், மாவு மில், சில நூறு பேர். அங்கே பல்பீர் சிங் என்ற விவசாயி. ஏழடியைத் தாண்டிய உயரம். அவருக்கு இளமையில் கூடைப்பந்து ஆசை இருந்தது. வீட்டில் வயலைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். 1995 டிசம்பர் 10 அன்று பிறந்த மகன் ஒன்பது வயதிலேயே பெரியவர்களை எட்டிப் பிடிக்கும் உயரம் வளர்ந்தபோது, தனக்குக் கிடைக்காததை அவனுக்குக் கொடுக்க நினைத்தார். முற்றத்தில் ஒரு வளையம் நட்டார். பிறகு பையனை லூதியானா கூடைப்பந்து அகாடமிக்கு அனுப்பிவைத்தார்.

லூதியானாவில் அந்தப் பையனை வாங்கிக்கொண்ட பயிற்சியாளரின் பெயர் சங்கரன் சுப்பிரமணியன். பஞ்சாபி உணவு விடுதியின் நடுவே சாம்பார் வாசனை வந்தது போல இருக்கிறதல்லவா, அந்தப் பெயர்? கோதுமை வயலில் வளர்ந்த உயரங்களையெல்லாம் தேடிப் பிடித்து, பந்தைப் பிடிக்கவும் காலை மடக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர். இந்திய அணியின் முன்வரிசையில் பல வருடம் பஞ்சாபிகளே நின்றதற்கு அந்த அகாடமிக்கும் பங்கு உண்டு.

இந்த விளையாட்டு நம் பக்கம் வந்து சேர்ந்த வழியே தனிக்கதை. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளே அடைந்து கிடக்கிறார்களே என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளைக் கூடத்தின் பால்கனித் தடுப்பில் அடித்து உண்டாக்கிய ஆட்டம் இது. ஒய்.எம்.சி.ஏ. அதைக் கப்பலேற்றியது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி அதை ஊர் ஊராகக் கொண்டுபோகும் ஆசிரியர்களை உருவாக்கியது. ஆகவே சிமென்ட் தரையில் ஒரு கம்பமும் பலகையும் தமிழ்நாட்டின் பழைய பள்ளிக்கூடங்களில் இருப்பது தற்செயல் இல்லை.

சத்னமிடம் திரும்புவோம். 2010. இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தோடு ஐ.எம்.ஜி. – ரிலையன்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. நாடு முழுவதும் தேடி எட்டுச் சிறுவர் சிறுமியரைப் பிடித்து, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பிராடென்டன் என்ற ஊரிலிருக்கும் ஐ.எம்.ஜி. அகாடமிக்கு அனுப்பியது. அந்த எட்டில் ஒருவன் சத்னம். வயது 14. உயரம் ஏழடிக்குப் பக்கம். ஆங்கிலம் தெரியாது. அவன் காலுக்கு ஷூ இந்தியக் கடைகளில் கிடைக்காது.

அங்கே என்ன கிடைத்தது? நல்ல தரை, நல்ல சாப்பாடு, எடை தூக்கும் கூடம், காலையும் மாலையும் பயிற்சி. ஐந்து வருடம் இருந்தான். பள்ளி அணிக்கு ஆடினான். நடுவில் 2011-இல், 15 வயதில், சீனாவின் வூஹானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்திய அணிச் சட்டையும் போட்டுவிட்டான். மீசை அரும்பாத பையன் வேற்று நாட்டு முழு ஆண்களுக்கு நடுவே நிற்கிறான்!

ஐந்து வருடத்தின் முடிவில் வழக்கமான அமெரிக்கப் பையன் என்ன செய்வான்? கல்லூரிக்குப் போவான். அங்கேதான் கூடைப்பந்து வீரன் உருவாகிறான். சீசனுக்கு ஏறக்குறைய 30 ஆட்டம், நான்கு வருடத்தில் நூற்றுக்கு மேல். சத்னமுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கல்லூரி ஆட்டத்துக்கு வேண்டிய பாடத் தகுதி கைகூடவில்லை. 14 வயதில் வேறொரு மொழியில் தூக்கிப் போடப்பட்ட பிள்ளைக்கு அது பெரிய அதிசயமும் இல்லை. ஆகவே அவன் நேரே என்.பி.ஏ. டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தான்.

டிராஃப்ட் என்றால் என்ன? ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய ஊர் இது, எளிதாகச் சொல்லிவிடலாம். இங்கே விலை கேட்பது கிடையாது. முறை வைத்துக் கூப்பிடுவார்கள். முப்பது அணிகள், இரண்டு சுற்று, மொத்தம் 60 பெயர். அவ்வளவுதான். உலகம் முழுவதிலுமிருந்து ஒரு வருடத்துக்கு 60 பேர்.

2015 ஜூன் 25, நியூயார்க்கின் புரூக்ளின். பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் சுற்று முடிந்தது. நாற்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. 52-ஆவது முறை டல்லஸ் மேவரிக்ஸ் அணியுடையது. வாசித்த பெயர்: சத்னம் சிங்.

19 வயது. பல்லோ கேயில் அப்போது மறுநாள் காலை. அந்தச் செய்தி இந்தியாவில் வந்திறங்கிய வேகம் நினைவிருக்கும். கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒதுக்கிய பக்கங்களில் கூடைப்பந்து ஏறியது. மறுவருடமே ‘ஒன் இன் எ பில்லியன்’ என்று நெட்ஃபிளிக்ஸில் படம் வந்தது. நூறு கோடியில் ஒருவன்! அந்தத் தலைப்பை நினைக்கும்போதெல்லாம் ஒரு சங்கடம். நூறு கோடியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு எந்தப் பையனால் தாவ முடியும்?

கைதட்டல் அடங்கிய பிறகு கணக்குப் பார்க்கலாம். முதல் சுற்றில் தேர்வானவர்களுக்குத்தான் ஒப்பந்தம் உறுதி. இரண்டாம் சுற்றில், அதுவும் 52-இல், உறுதி எதுவும் கிடையாது. அந்த அணிக்கு அவர்மேல் ஒரு பாத்தியதை உண்டு, அவ்வளவே. டல்லஸ் அவரைத் தன் கிளை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸுக்கு அனுப்பியது. அந்த வளர்ச்சி லீகில் அப்போது ஒரு சீசனுக்குச் சம்பளம் 13,000 டாலரிலிருந்து 25,000 டாலர் சொச்சம்வரை. உலகப் புகழ் பெற்ற பையனின் தொழில் இந்தக் கூலியில் தொடங்கியது.

பணம் இருக்கட்டும். எத்தனை ஆட்டம்? அந்த லீகில் சீசனுக்கு 50 ஆட்டம். சத்னம் பெரும்பாலும் பெஞ்சில். இறங்கிய நாட்களிலும் சில நிமிடம். இரண்டு சீசன் அப்படிப் போயின. என்.பி.ஏ.-வில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

சோம்பல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அதே சமயத்தில் ஆட்டத்துக்கே என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். டிராஃப்ட் நடந்த ஜூன் 25-க்கு ஒன்பது நாள் முன்னால், ஜூன் 16 அன்று, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி என்.பி.ஏ. கோப்பையை வென்றது. எப்படி வென்றது? இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்திலிருந்து, தொடக்க ஐவரில் தன் உயரமான சென்டரை உட்கார வைத்துவிட்டு, குள்ளமான, வேகமான ஆளை இறக்கி வென்றது. தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிவது, ஓடுவது, திரும்புவது. இனி ஆட்டம் இப்படித்தான் என்று உலகம் புரிந்துகொண்ட நேரம் அது. வளையத்துக்கடியில் மலைபோல நிற்கும் ஏழடி ஆளுக்கு நூறு வருடமாக இருந்த மரியாதை சரியத் தொடங்கிய மாதத்தில், நம் ஏழடிப் பையன் வேலைக்குச் சேர்ந்தான். இதைவிடப் பொல்லாத நேரம் இருக்க முடியுமா?

அதே 2015 ஏப்ரலில் இன்னொரு பஞ்சாபி வம்சாவளிப் பையன், கனடாவில் பிறந்த சிம் புல்லர், ஏழடி ஐந்தங்குலம், சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காக இறங்கினார். என்.பி.ஏ.-வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர். முதல் ஆட்டத்தில் தரையில் இருந்தது 16 விநாடி. விநாடிதான், நிமிடம் இல்லை.

2017-இல் சத்னம் ஊர் திரும்பினார். 21 வயது. நல்லது, அங்கே கிடைக்காத ஆட்டம் இங்கே கிடைத்திருக்கும் என்று நினைப்போம். எங்கே கிடைத்திருக்கும்?

இந்த ஊர்க்காரர்களைக் கேட்கலாம். யு.பி.ஏ. என்று ஒரு லீக் 2015-இல் தொடங்கியது; பெங்களூருக்கு ‘பீஸ்ட்’ என்று ஓர் அணி. சில வருடத்தில் அந்த லீக் நின்றது. 2018-இல் மூவர் ஆடும் 3பி.எல். வந்தது, பெங்களூர் அணியின் பெயர் ‘மச்சாஸ்’. பெயர் வைத்தவர் வாழ்க, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பிறந்த எந்தப் பையனுக்கும் அது சொந்தப் பெயர்தான்! 2022-இல் ஐ.என்.பி.எல். வந்தது, இந்த முறை ‘பெங்களூரு கிங்ஸ்’. முதல் கோப்பையைச் சென்னை ஹீட் கொண்டுபோயிற்று. பீஸ்ட், மச்சாஸ், கிங்ஸ்: ஏழெட்டு வருடத்தில் ஒரே ஊருக்கு மூன்று சட்டை. ஒரு சட்டையாவது சாயம் போகும்வரை போட்டுக்கொள்ள விட்டார்களா?

இதுதான் இந்திய ‘தொழில்முறை’ கூடைப்பந்தின் நிலை. சத்னம் 2018-இல் கனடாவுக்குப் போய் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் என்ற அணியில் சேர்ந்தார். அட்லான்டிக் கரையில், பனி கொட்டும் தீவு. பல்லோ கேயிலிருந்து எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டம் தேடி ஒரு பையன் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

இப்போது அனிதாவிடம் வருவோம். அவர் பிறந்தது 1985-இல், சென்னையில். 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆடிய முதல் இந்தியப் பெண். 2021-இல் பத்மஸ்ரீ. அமெரிக்க லீக் எதுவும் அவரைத் தேர்வு செய்யவில்லை. படம் எடுக்க யாரும் வரவில்லை. அவர் கையில் இருந்தது தென்னக ரயில்வே வேலை.

‘டிபார்ட்மென்ட் டீம்’ என்று நம் ஊரில் ஒரு சொல் உண்டு. ரயில்வே, வங்கி, வருமான வரி, சுங்கம், ஓ.என்.ஜி.சி. என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. இங்கே விஜயா பேங்க் அணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2019-இல் அந்த வங்கி பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். மகன் ஆடுகிறான் என்பதற்காக வைத்த பாயசம் இல்லை அது. மகனுக்குப் பென்ஷன் உண்டு என்பதற்காக வைத்தது. படித்தவர்கள் இதைக் கிண்டல் செய்வதுண்டு. குமாஸ்தாவா, வீரனா என்று கேட்பார்கள்.

கிண்டல் செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் குமாஸ்தாவுக்கு ஆட்டம் இருந்தது. தேசிய சாம்பியன்ஷிப், ஃபெடரேஷன் கோப்பை, ரயில்வே மண்டலங்களுக்குள் போட்டி. அது போதாதென்று கோடை விடுமுறையில் பெரியகுளம், கோவை, கரூர் என்று அகில இந்தியப் போட்டிகள். மே மாதப் புழுக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், மரப்பலகை கேலரியில் வேட்டி மடித்துக் கட்டிய கூட்டம் உட்கார்ந்து, ரீபவுண்ட் தவறவிட்டவனைப் பெயர் சொல்லித் திட்டும். டல்லஸில் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து கற்பதைவிட அந்தத் திட்டில் கற்பது அதிகம் என்று இந்தப் பேச்சாளர் துணிந்து சொல்வார்.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் 2017 ஜூலையில் நம் ஊரில் நின்றார். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் நெஞ்சு படபடக்காமல் ஓர் அணியை நடத்த, அதற்குமுன் எத்தனை முறை அதே படபடப்பில் நின்றிருக்க வேண்டும்? கணக்கு அங்கேதான் இருக்கிறது.

அதற்காக ரயில்வேக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. நம் கணக்கிலும் பெரிய ஓட்டை உண்டு. அதைக் காட்ட, அதே நாளில், அதே பெங்களூரில் நடந்த இன்னோர் இறுதியாட்டத்தைச் சொல்ல வேண்டும்.

2017 ஜூலை 29 அன்றே ‘ஏ’ பிரிவு இறுதியும் நடந்தது. ஜப்பான் 74, ஆஸ்திரேலியா 73. ஒரே புள்ளி. உயரமான ஆஸ்திரேலியப் பெண்களைக் குட்டையான ஜப்பானியப் பெண்கள் வீழ்த்தினார்கள். 2019 செப்டம்பரில் அதே போட்டி மறுபடி பெங்களூருக்கு, கண்டீரவாவுக்கு வந்தது. அப்போதும் ஜப்பான், இறுதியில் சீனாவை 71–68 என்று வென்றது. ‘ஏ’ பிரிவுக்கு ஏறியிருந்த இந்தியா எட்டு அணிகளில் எட்டாவது.

இரண்டு வருடம் கழித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த ஜப்பான் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக ரூயி மாச்சிடா என்ற பெண் 18 முறை தோழியருக்குப் பந்தைக் கொடுத்துப் புள்ளி எடுக்க வைத்தார். ஒலிம்பிக் சாதனை அது. அவர் உயரம் 162 சென்டிமீட்டர். நம் வீட்டுப் பெண்களின் உயரம். இந்த அரங்கில் இருப்பவர்களிலேயே அவரைவிட உயரமான பெண்கள் பலர் இருப்பீர்கள்.

மாச்சிடா எந்த அணிக்கு ஆடினார் தெரியுமா? ஃபுஜிட்சு. இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயர், கம்ப்யூட்டர் கம்பெனி. ஜப்பானின் பெண்கள் லீகில் பெரும்பாலானவை கம்பெனி அணிகள்தாம்: எனியோஸ், டொயோட்டா, டென்சோ, மிட்சுபிஷி எலெக்ட்ரிக். நம் ரயில்வே, பேங்க் போலத்தான். டோக்கியோவில் ஜப்பான் பெண்களின் பயிற்சியாளராக இருந்த டாம் ஹோவாஸ் அமெரிக்கர், என்.பி.ஏ.-வில் அவர் ஆடியது மொத்தம் இரண்டே ஆட்டம். அதற்குமுன் ஜப்பானில் டொயோட்டா அணிக்கு ஆடியவர், பகலில் அதே கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு.

ஆகவே வேலையும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பானுக்கும் நமக்கும் வித்தியாசம் வேறிடத்தில். அங்கே அக்டோபரில் லீக் தொடங்கும். வசந்தம் வரும்வரை வார இறுதிதோறும் ஆட்டம். அடுத்த வருடமும் அக்டோபரில் தொடங்கும். அதற்கடுத்த வருடமும். தேதி போட்டு, டிக்கெட் விற்று, தோற்றவர் அடுத்த சனிக்கிழமை பழிதீர்க்கும் ஏற்பாடு. நம் தேசிய சாம்பியன்ஷிப் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஏழெட்டு ஆட்டம் ஆடிவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு ரயிலேறுவார்கள். அனிதாவுக்குக் கிடைத்தது நம் நாட்டில் அதிகம். மாச்சிடாவின் பக்கத்தில் வைத்தால் அதுவும் கொஞ்சம்தான்.

மறுபடியும் 2019. நேபாளத்தில் டிசம்பரில் தெற்காசியப் போட்டி. அதற்கான முகாம் இங்கே. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஆட்கள் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள். சத்னமின் மாதிரியில் இருந்த பொருள் ஹிஜெனமைன். நவம்பரில் இடைக்காலத் தடை.

இந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாயை விரித்து இதயத்தை விரைவுபடுத்தும் வகையைச் சேர்ந்தது. ஆய்வகத்தில் மட்டும் உண்டாவதில்லை, செடிகொடிகளிலும் இருக்கிறது. நம் சித்த வைத்தியர்கள் கொண்டாடும் சீந்தில் கொடிக்கு உறவான ஒரு கொடியில் இது இருப்பதாக உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தன் பட்டியலுக்கு எழுதிய விளக்கக் குறிப்பே சொல்கிறது. ‘மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்று டப்பாவில் அச்சடித்து விற்கும் சத்துப்பொடிகளில் இது கலந்திருக்கக் கூடும். சத்னமின் உடம்புக்குள் எந்த வழியாகப் போனது என்று தீர்ப்புச் சொல்ல இது இடமில்லை. குற்றச்சாட்டை அவர் மறுத்தார், ஒழுங்குக் குழுவின் முன் விசாரணை கேட்டார். குழு 2020 டிசம்பரில் இரண்டு வருடத் தடை விதித்தது. தடை நவம்பர் 2019-இலிருந்து கணக்கு. விதி கடுமையானது, உடம்பில் இருந்ததா இல்லையா என்பதே அதன் முதல் கேள்வி. டப்பாவை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

இங்கே பிள்ளைகளின் தாய் தந்தையர் பலர் இருக்கிறீர்கள். ஜிம் வாசலில் விற்கும் அந்த டப்பாவின் பின்பக்கத்தை இன்று வீட்டுக்குப் போய் ஒருமுறை படித்துப் பாருங்கள். படிக்க முடியாத எழுத்தில்தான் இருக்கும்.

தடை தொடங்கியபோது ஏழடிப் பையனுக்கு 24 வயது ஆகப்போகிறது. ஆட்டக்காரனின் உச்சிப் பருவம். அதில் இரண்டு வருடம் பூஜ்யம். எத்தனை ஆட்டம் என்ற கேள்விக்கு, அந்த இரண்டு வருடத்தில் விடை எழுதக் காகிதமே தேவைப்படவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் விழுந்த பள்ளங்களைப் பார்த்துக் கால் வைத்தார்கள். 2017-இல் நொய்டா அருகே என்.பி.ஏ. ஓர் அகாடமி திறந்தது. அதில் பயின்ற குர்தாஸ்பூர் பையன் பிரின்ஸ்பால் சிங், ஆஸ்திரேலியாவில் கொஞ்ச காலம் ஆடிப் பக்குவப்பட்டு, 2020-இல் அமெரிக்காவின் அதே வளர்ச்சி லீகில் (இப்போது ஜி லீக்) இக்னைட் அணியில் சேர்ந்தார். 2021 கோடையில் லாஸ் வேகாஸில் சாக்ரமென்டோ கிங்ஸ் கோப்பை வென்ற கோடை லீக் அணியில் அவர் இருந்தார்.

நம் பெங்களூர்ப் பெண் சஞ்சனா ரமேஷ் இன்னொரு வழி பிடித்தார். என்.பி.ஏ. அகாடமியின் பெண்கள் முகாம்களில் பயின்று, 2019-இல் முழு உதவித்தொகையோடு அரிசோனாவில் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சத்னமுக்கு மூடியிருந்த அதே கல்லூரிக் கதவு. படிப்பும் நடக்கும், சீசனுக்கு 30 ஆட்டமும் நடக்கும். பெஞ்சில் உட்கார வேண்டி வந்தாலும், அடுத்த ஆட்டம் மூன்றாம் நாள் இருக்கிறது என்ற தெம்பு இருக்கும்.

எல்லோரும் அரிசோனா போக முடியுமா? முடியாது. இந்த ஊரிலேயே பீகிள்ஸ், யங் ஓரியன்ஸ் போன்ற பழைய கிளப்புகள் இருக்கின்றன. மாநில அரசின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. காலை ஐந்தரை மணிக்குப் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்கும் மைதானங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே பயிற்சிக்குக் குறைவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் போய், “போன வருஷம் எத்தனை மேட்ச் ஆடினே, கண்ணா?” என்று கேட்டுப் பாருங்கள். விரல் விட்டு எண்ணுவார்கள். பெரும்பாலோருக்கு இரண்டு கை போதும்.

சத்னம் சிங் என்ன ஆனார் என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். 2021-இல் அவர் ஆல் எலீட் ரெஸ்லிங் என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் ஒப்பந்தம் போட்டார். 2022 ஏப்ரலில், விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தபோது, கயிறு கட்டிய மேடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஏழடி இரண்டங்குலம். எதிரே நின்றவர் அண்ணாந்து பார்த்தார். கூட்டம் கூச்சலிட்டது. முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட ஆட்டம் அது, தெரியும். கூடைப்பந்துக்காரர்களில் சிலர் அன்றைக்கு வருத்தப்பட்டார்கள், சிலர் சிரித்தார்கள்.

அந்த நிகழ்ச்சி புதன்கிழமைதோறும் நடக்கிறது. எந்த ஊர், எந்த அரங்கம் என்று பல வாரம் முன்பே டிக்கெட் விற்றுவிடுகிறார்கள்.